வாத்தியாரய்யா, எங்க பிழைப்புல மண்ணைப் போடாதீங்க

வாங்க வாத்தியாரய்யா, இந்தத் திண்ணையில உக்காருங்க. மினி பஸ் வர இன்னும் நேரம் கிடக்கு. வந்தாலும் டிரைவர் டீ குடிக்காம எடுக்க மாட்டான். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு முதலுதவி சொல்லிக் குடுக்கப் போறீங்கன்னு ஊருக்குள்ள ஒரு பேச்சு ஓடுது. நெசமா? அடிபடாம இருக்கிறது எப்படின்னும் சேத்துச் சொல்லுவீங்களாம்லா. வேண்டாம் சாமி. புதுசா வேலைக்கு வந்த பிள்ளை, ஊரு வழக்கம் தெரியாம இறங்கிராதீங்க. மூத்தவன் சொல்லுதேன், கேட்டுக்கோங்க.

இந்த ஊருல வைத்தியம் தெரியாதவன்னு ஒருத்தனைக் காட்டுங்க பாப்போம். அரிவாள் பட்டு ரத்தம் கொட்டினா காப்பித்தூளை அப்ப ஒருத்தி இருக்கா. அவ டப்பாவைத் திறக்கிறதுக்குள்ள சுண்ணாம்போட ஒருத்தன் ஓடி வருவான். வெந்நீர் கொட்டிட்டா இட்லி மாவா, பேனா இங்க்கா, பல் விளக்குற பேஸ்ட்டான்னு மூணு கட்சி உண்டு. ஒரு கட்சி பூசினதை மறு கட்சி வழிச்சுப் போட்டுத் தன் சரக்கைப் பூசும். கடைசியில ஆசுபத்திரிக்குப் போனா, புண்ணு எங்க இருக்குன்னு நர்சம்மா மாவுக்குள்ள தேடணும். வலிப்பு வந்தா கையில சாவிக்கொத்து. சாவி கிடைக்கலைன்னா மம்பட்டி. மூக்குல ரத்தம் வந்தா தலையை அண்ணாத்திப் பிடிச்சு, ரத்தம் பூராத்தையும் தொண்டைக்குள்ள இறக்கிவிட்டுட்டு, “பாத்தியா, நின்னுட்டு”ன்னு சொல்ல ஒரு மாமா. இப்படி வீட்டுக்கு வீடு டாக்டர் இருக்கிற ஊருல நீங்க பாட்டுக்கு ஆறாங்கிளாஸ் பிள்ளைகிட்டப் போயி, “சுட்டுக்கிட்டா 20 நிமிசம் பச்சைத்தண்ணியை ஊத்து, வேற எதையும் தடவ விடாதே”ன்னு சொன்னீங்கன்னா, அது வீட்டுக்கு வந்து ஆச்சி கையில இருக்கிற மாவுச்சட்டியைப் பிடுங்காதா? ஆச்சி கவுரவம் என்ன ஆகுறது?

நடத்தியே தீருவேன்னு நின்னீங்கன்னா, நடத்துற முறைப்படி நடத்துங்க. முதல்ல பிளக்ஸ் போர்டு. அதுல பிள்ளைக படம் வேண்டாம், இடம் பத்தாது. தலைவர் படம், துணைத்தலைவர் படம், செலவு குடுத்தவர் படம். பெறவு குத்துவிளக்கு, பொன்னாடை, வரவேற்புரை. சிறப்பு விருந்தினர் ஒரு மணி நேரம் பிந்தித்தான் வருவார். அது அவரு மரியாதை. அதுவரைக்கும் பிள்ளைகளை வெயில்ல உக்கார வச்சா ரெண்டு பேராவது மயங்கி விழும். விழுந்த பிள்ளையைச் சுத்தி நாம எல்லாரும் வட்டம் கட்டி நின்னு வார காத்தையும் மறைப்போம். அதை போட்டோ எடுத்து “செயல்முறை விளக்கம்”னு மேல அனுப்பிருங்க. ஒரே செலவுல ரெண்டு வேலை.

பெட்டியைப் பத்திக் கவலையே படாதீங்க. முதலுதவிப் பெட்டி இல்லாத பள்ளிக்கூடம் உண்டா? எச்.எம். ரூம் பீரோவுக்குள்ள கோயில் உண்டியல் மாதிரி பத்திரமா இருக்கும். பீரோ சாவி எச்.எம். பையில. எச்.எம். மீட்டிங்ல. பள்ளிக்கூடத்துக் கமிட்டிக் கூட்டத்துக்குப் போனப்ப ஒரு தடவை திறக்கச் சொல்லிப் பாத்தேன். எந்த ஊருன்னு கேக்காதீங்க. டிஞ்சர் காஞ்சு பாட்டில் அடியில பழுப்பா ஒரு வளையம். பிளாஸ்திரியைப் பிரிச்சா ஒட்ட மாட்டேங்குது, பிரிக்காம விட்டா பெட்டியிலேயே ஒட்டிக்கிட்டு வர மாட்டேங்குது. பஞ்சுக்குள்ள ஒரு பல்லி முட்டை. கத்தரிக்கோலைக் காணோம், யாரோ மந்திரி வந்தப்ப ரிப்பன் வெட்டப் போனதாம். மூடிக்கு உள்பக்கம் ஒட்டியிருந்த பட்டியல்ல மட்டும் ஒரு சாமான் குறையாம இருந்தது, “சரிபார்க்கப்பட்டது”ன்னு கையெழுத்தோட.

அந்தப் பெட்டியைத் தேடி அலையாதீங்க ஐயா. நம்ம பிள்ளைகளுக்கு அடி படுறது பீரோவுக்குப் பக்கத்துலயா? வரப்புல, கிணத்து மேட்டுல, கண்மாயில, படப்படியில, அடுப்பங்கரையில. பகல்ல ஊருக்குள்ள பெரியவங்க யாரு இருக்கா? ஆம்பளைக காட்டுல, பொம்பளைக நூறு நாள் வேலையிலயோ தீப்பெட்டி ஆபீசுலயோ. மிச்சம் இருக்கிறது கண்ணு தெரியாத கிழடுகளும், நாலு வயசுத் தம்பியை இடுப்புல வச்சிருக்கிற ஒன்பது வயசு அக்காவும்தான். ஏதாவது ஒண்ணு நடந்தா முதல் ஆளா நிக்கப் போறது அந்தப் பிள்ளை. அதுகிட்ட என்ன இருக்கும்? ஒரு தாவணித் துணி, ஒரு குடம் தண்ணி, தொண்டையில சத்தம். இந்த மூணை வச்சு என்ன செய்ய முடியுமோ அதைச் சொல்லிக் குடுங்க. முக்கோணத் துணியில தலைக்கட்டுக் கட்டுறதை ஜூனியர் ரெட் கிராஸ் மாஸ்டர் அழகாச் சொல்லிக் குடுப்பார். கொடியேத்தத்துக்குக் கட்டி நின்னாப் பாக்க நல்லா இருக்கும்.

பாம்புல இருந்து தொடங்குங்க. நான் கிளை நூலகத்துல பேப்பரை வரி விளம்பரம் கூட விடாம வாசிக்கிறவன். 2000-ல இருந்து 2019 வரைக்கும் நம்ம நாட்டுல பாம்புக்கடியில போனவங்க 12 லட்சம் பேரு இருக்கும்னு கணக்குப் போட்டிருக்காங்க. வருசத்துக்கு 58,000 ஆகுது. அதுல கால்வாசிக்கு மேல 15 வயசு நிரம்பாத பிள்ளைக. ஆனா இதெல்லாம் வெளியூர்க் கணக்கு. நம்ம ஊருக்குத்தான் பார்வை பாக்குறவரு இருக்காரே! அவரு கைராசி உங்களுக்குத் தெரியாது. சாரைப்பாம்பு கடிச்சவன், தண்ணிப்பாம்பு கடிச்சவன், இருட்டுல கருவேல முள்ளு குத்தினவன், அத்தனை பேரையும் காப்பாத்தி அனுப்பியிருக்காரு. நல்லபாம்பே கடிச்சாலும் சில சமயம் வெசத்தை இறக்காம வெறுங்கடியா விட்டுட்டுப் போயிரும். அந்தக் கணக்கும் அவரு கணக்குலதான் வரும். கண்ணாடிவிரியன் கடிச்சு வெசம் ஏறினவனை மட்டும், “விதி முடிஞ்சிருச்சு, ஆசுபத்திரிக்குக் கொண்டு போங்க”ம்பாரு. போற வழியில செத்தா ஆசுபத்திரிக்குத்தான் கெட்ட பேரு.

கட்டுவிரியனைப் பத்தி நீங்க ஒரு பாடம் முழுசாச் சொல்லணும். அது கடிச்சா வலிக்காது ஐயா. பல்லுத் தடம்கூடத் தெரியாது. ராத்திரி, தரையில பாயை விரிச்சுப் படுத்திருக்கிற பிள்ளை புரண்டு படுக்கும். அது ஒரு கடி கடிச்சிட்டுப் போயிரும். பிள்ளை உறக்கத்துல கொசுன்னு நினைச்சுச் சொறிஞ்சிக்கிட்டுத் திரும்பிப் படுத்துக்கும். விடியக்காலம் “வயித்தை வலிக்கு”ன்னு எந்திரிக்கும். உடனே வீட்டுல என்ன சொல்லுவாங்க? நேத்துத் தின்ன கோழிக்கறி தொக்கி நிக்குது, தொக்கம் எடுக்கணும்னு கூட்டிட்டுப் போவாங்க. ஒரு சோடாவும் வாங்கிக் குடுப்பாங்க. பிள்ளைக்கு இமை சரியும், எச்சி முழுங்க முடியாது, பேச்சுக் குழறும். “பள்ளிக்கூடம் போகக் கள்ளத்தனம் பண்ணுது பாரு, கண்ணைத் திறக்க மாட்டேங்குது”ன்னு முதுகுல ஒண்ணு விழும். பெறவு மூச்சு நிக்கும். பாம்பை யாரும் பாத்திருக்க மாட்டாங்க. “காத்துக் கருப்பு அடிச்சிட்டு”ன்னு முடிச்சிருவோம்.

இதை உங்க பிள்ளைகளுக்குச் சொல்லி வச்சா, கூடப் படுத்திருந்த தங்கச்சி, “இமை சரிஞ்சிருக்கு, இது தொக்கம் இல்ல”ன்னு வாயைத் திறக்கும். சின்னப்பிள்ளை சொல்லி நாங்க கேக்கணுமான்னு எங்களுக்குக் கோவம் வரும். வரட்டும். தொக்கம் எடுக்கிறவருக்கு ஒரு நாள் வரும்படி போகும். அதுக்குத்தான் பிழைப்புல மண்ணைப் போடாதீங்கன்னு சொன்னது.

கடிபட்டவனை என்ன செய்யணும்னு நூலகத்துல ஒரு புத்தகத்துல வாசிச்சேன். இவ்வளவுதானான்னு சப்புன்னு போயிட்டு. பயப்படாதேன்னு சொல்லி உக்கார வைக்கணும், நடக்க விடக்கூடாது. கடிபட்ட காலை அசையாம ஒரு பனைமட்டையையோ கம்பையோ வச்சுத் துண்டால தளரக் கட்டணும். மோதிரம், கொலுசு, அரணாக்கயிறு இருந்தா வீக்கம் வரதுக்கு முன்னால கழத்திரணும். வண்டியைக் கூப்பிட்டு ஆசுபத்திரிக்கு. ரத்தம் நிக்கிற அளவுக்குக் கயித்தால இறுக்கக் கூடாதாம், பிளேடால கீறக் கூடாதாம், வாயால உறிஞ்சக் கூடாதாம். அப்ப சினிமாவுல கதாநாயகன் கதாநாயகி காலைப் பிடிச்சு உறிஞ்சுனது எதுக்கு? அது வேற பாடம் போல. பாம்பை அடிச்சு மஞ்சப்பையில போட்டுக் கொண்டு போற வேலையும் வேண்டாமாம். நாலு சாதிப் பாம்புக்கும், அதான் நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் நாலுக்கும், ஒரே மருந்துதான். அந்த வெசத்தை எடுத்துக் குடுக்கிறது யாருன்னு நினைக்கீங்க? வடநெம்மேலியில நம்ம இருளர் ஆளுக. 1978-ல சங்கம் வச்சு, பாம்பைப் பிடிச்சு, வெசத்தைக் கறந்துட்டுத் திரும்பக் காட்டுல விட்டுருதாங்க. அந்த வெசத்தைக் கொஞ்சங் கொஞ்சமாக் குதிரைக்கு ஏத்தி, குதிரை ரத்தத்துல இருந்து முறிவு மருந்து எடுக்காங்க. அவங்கள்ல வடிவேல் கோபால், மாசி சடையன்னு ரெண்டு பேருக்கு 2023-ல பத்மஸ்ரீ குடுத்தாங்க. 2024-ல தமிழ்நாட்டு அரசு, பாம்புக்கடி கேசு வந்தா ஆசுபத்திரிக கட்டாயம் மேல தெரிவிக்கணும்னும் உத்தரவு போட்டுட்டு. பாடம் நடத்தும்போது இதைச் சொல்லுங்க. நம்ம பிள்ளைக பாம்பு பிடிக்கிறவன்னா கேவலம்னு நினைச்சிருக்குங்க.

தடுக்கிறதுக்கு வழி கேட்டா அது இன்னும் சப்புன்னு இருக்கும். கட்டில்ல படு, இல்லைன்னா கொசுவலையைக் கட்டிப் பாய்க்கு அடியில சொருகு. ராத்திரி வெளிக்குப் போனா டார்ச் எடு. விறகுக் கட்டுக்குள்ள கையை விடாதே, கம்பால தட்டு. செருப்பையும் ஷூவையும் உதறிட்டுப் போடு. தேளுக்கும் இதேதான். தேள்ல சின்னதா, சிவப்பா இருக்கிற செந்தேள் பிள்ளைக உயிரை எடுத்துரும். கொட்டின பிள்ளைக்கு உடம்பு பூரா வேர்த்து ஊத்தி, கை கால் சில்லுன்னு ஆனா வெங்காயம் தேய்ச்சுக்கிட்டு உக்காந்திருக்கக் கூடாது. மகாராஷ்டிராவுல மகாட்னு ஒரு சின்ன ஊரு. அங்க இருந்துக்கிட்டே ஹிம்மத்ராவ் பவாஸ்கர்ங்கிற டாக்டர், ரத்தக் கொதிப்புக்குக் குடுக்கிற பிராசோசின் மாத்திரை அந்த வெசத்துக்குக் கேக்கும்னு உலகத்துக்கே காட்டினார். பட்டணத்து டாக்டர் இல்ல, நம்மள மாதிரிப் பட்டிக்காட்டு டாக்டர்தான்.

இப்ப உங்களுக்கு ஒரு சூட்சுமம் சொல்லுதேன். இது எந்தப் புத்தகத்துலயும் இல்ல. நீங்க எவ்வளவு நல்லாப் பாடம் நடத்தினாலும், அடிபட்ட பிள்ளை வாயைத் திறக்காது. ஏன் தெரியுமா? அடி விழும். நாய் கடிச்சிட்டுன்னு வீட்டுக்கு வந்தா நாங்க முதல்ல கேக்குற கேள்வி, “உன்னை யாரு அந்தத் தெருவுக்குப் போகச் சொன்னது?” ரெண்டாவது கேள்விக்கு முன்னால விளக்குமாறு வந்துரும். அதனால பிள்ளை என்ன செய்யும்? ட்ரவுசரை இழுத்து விட்டு மறைச்சுக்கும். சின்னக் கீறல், ரெண்டு நாள்ல ஆறிரும். மூணு மாசம் கழிச்சுத் தண்ணியைப் பாத்துக் கத்தும். அப்புறம் எந்த டாக்டராலயும் ஒண்ணும் ஆகாது. உலகத்துல வெறி பிடிச்சதுன்னு சந்தேகப்படுற பிராணி கடிச்சவங்கள்ல நூத்துக்கு 40 பேரு 15 வயசுக்குக் கீழ உள்ளதுகதான். எங்க காலத்துலயாவது பயத்துக்கு ஒரு நியாயம் இருந்தது. குன்னூர்ல இருந்து வார மருந்து, ஆட்டு மூளையில செஞ்சது, தொப்புளைச் சுத்திப் 14 ஊசி. இப்ப அது ஒழிஞ்சு வருசம் 20-க்கு மேல ஆச்சு. தோள்ல நாலஞ்சு ஊசி, தோல் கிழிஞ்சு ரத்தம் வந்திருந்தா கடிவாயில ஒரு மருந்து, அதோட சரி. அதுக்கு முன்னால பிள்ளையே செய்ய வேண்டியது ஒண்ணு இருக்கு: குழாயடியில உக்காந்து சோப்புப் போட்டு 15 நிமிசம் கழுவணும். கழுவுற நேரம் தெரிய, வாய்ப்பாடு சொல்லச் சொல்லுங்க. கணக்கு வாத்தியாருக்கும் சந்தோசமா இருக்கும். மிளகாய்ப் பொடியும் எருக்கம்பாலும் வைக்க வரவங்களைக் கண்டா எந்திரிச்சு ஓடலாம். அந்த ஓட்டமும் முதலுதவிதான்.

அதனால பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிறதுக்கு முன்னால எங்களைக் கூப்பிட்டு உக்கார வச்சு, “பிள்ளை வந்து சொன்னா அன்னைக்கு அடிக்க மாட்டோம்”னு எழுதி வாங்குங்க. அன்னைக்கு மட்டும் போதும். மறுநாள் எங்க இஷ்டம்னு போட்டுக்கோங்க, இல்லைன்னா ஒருத்தனும் கையெழுத்துப் போட மாட்டான். உங்க மேசை மேல இருக்கிற பிரம்பையும் அந்த ஒரு நாள் ஓடு மேல வச்சிருங்க.

கிணத்துக்கு வரேன். நம்ம கிணறு உங்களுக்குத் தெரியாது. மோட்டார் ரூம் மேல இருந்து குதிச்சா நாலு பனை ஆழத்துக்குப் போயிட்டு வரலாம்னு பையங்க பேசிக்கிடுவாங்க. நாப்பது வயசு ஆம்பளை கூட அந்தப் பெருமையை விட மாட்டான். ஒரு பிள்ளை முங்கினா, காப்பாத்தப் போறேன்னு அதுக்கு மேல ரெண்டு குதிக்கும். முங்குறவன் கையில கிடைச்சதைப் பிடிச்சு அமுக்குவான். கடைசியில மூணு பாடை. கரையில நின்ன மிச்சப் பிள்ளைக என்ன செய்யும்? குளிக்கக் கூடாதுன்னு சொல்லியும் வந்தோம், தெரிஞ்சா கொன்னுருவாங்கன்னு துணியைக் கூட எடுக்காம வீட்டுக்கு ஓடிப் போய்ப் போர்த்திப் படுத்துக்கும். நான் சொன்ன சூட்சுமம் இங்கயும் வேலை செய்யுதா?

இதுக்கு வகுப்பறைக்குள்ள பாடம் நடத்த முடியாது. மைதானத்துல சுண்ணாம்புப் பொடியால பெரிய வட்டம் போடுங்க. நடுவுல ஒரு பையனை உக்கார வைங்க, அவன் முங்குறான். அஞ்சு லிட்டர் எண்ணெய் கேனு காலியா கிடைக்கும்ல, அதை மூடி, கைப்பிடியில கயித்தைக் கட்டிக் கரையில நிக்கிற பிள்ளைககிட்டக் குடுங்க. கேனு கொஞ்சம் கனமா இருந்தாத்தான் தூரம் போகும், அதனால உள்ள ரெண்டு டம்ளர் தண்ணி இருக்கட்டும். அவன் தலைக்கு அந்தாண்ட விழுந்து கயிறு அவன் தோள்ல கிடக்கணும். எறியறவன் குப்புறப் படுத்துக்கிட்டு இழுக்கணும், நின்னுக்கிட்டு இழுத்தா அவனும் உள்ள. வட்டத்துக்குள்ள காலை வச்சவன் அவுட். முதல் நாள் கேனு அவன் மண்டையில விழும், பெஞ்சு ஓரம் போகும், எச்.எம். சைக்கிள்ல விழும். ஒரு வாரத்துல பாருங்க, கபடியை விட்டுட்டு இதைத்தான் கேக்கும்ங்க. கயிறு இல்லாத இடத்துல வேட்டி, சேலை, தென்னமட்டை, மூடின காலிக் குடம். எதுவும் இல்லைன்னா சத்தம். “குதிக்காதே, எறி, கத்து.” இந்த மூணையும் ராகம் போட்டுப் பாடச் சொல்லுங்க.

மேல தூக்கிட்டா அடுத்த கூத்து எங்களோடது. பிள்ளை ரெண்டு காலையும் பிடிச்சுத் தலைக்கு மேல தட்டாமாலை சுத்துவோம். வயித்தை அமுக்கித் தண்ணியை எடுப்போம். வெளிய வாரது தண்ணி, உள்ள போகாதது மூச்சு. மூச்சு இல்லாம ஒவ்வொரு நிமிசமும் ஓடுது, நாங்க இங்க ராட்டினம் சுத்துதோம். மல்லாக்கப் போட்டு, நாடியை நிமித்தி, மூக்கைப் பிடிச்சு வாயோட வாய் வச்சு முதல்ல மூச்சை ஊதணும், பெறவு நெஞ்சு நடுவுல அமுக்கணும். 30 அமுக்கு, 2 ஊது. அமுக்குற வேகம் நிமிசத்துக்கு 100-ல இருந்து 120. பழகுறதுக்குப் பொம்மை வேணுமேன்னு நீங்க மேல எழுதிக் கேப்பீங்க; அது வரதுக்குள்ள பிள்ளைக கல்யாணம் ஆகிப் போயிரும். பஞ்சுத் தலையணை போதும். அந்தப் பொம்மை பிறந்த கதை தெரியுமா? நார்வே நாட்டுல ஆஸ்முண்ட் லேர்டால்னு விளையாட்டுப் பொம்மை செய்யுற ஒரு ஆளு. அவரு மகனே சின்ன வயசுல தண்ணிக்குள்ள விழுந்து பிழைச்சவன். டாக்டர்க வந்து கேட்டதும் 1960-ல ஆள் உயரப் பொம்மை ஒண்ணு செஞ்சாரு. முகத்துக்கு எதை வச்சாருங்கிறீங்க? பாரிஸ்ல ஆத்துல கிடைச்ச பேரு தெரியாத ஒரு பொண்ணோட முகம்னு சொல்லுற அச்சு. 1961-லேயே அந்த நாட்டுப் பள்ளிக்கூடத்துல இதைப் பாடமா வச்சிட்டாங்க. 12 வயசுல தொடங்கி வருசத்துக்கு 2 மணி நேரம் சொல்லிக் குடுத்தாப் போதும்னு ஒரு திட்டம். உலக சுகாதார நிறுவனமும் 2015-ல சரின்னு சொல்லிட்டு. ரெண்டு மணி நேரம்! நம்ம சிறப்பு விருந்தினர் பேசுற நேரம்.

சின்னதுக அமுக்கினா நெஞ்சு இறங்காது, அதுகளுக்குப் பலம் பத்தாது. அதுகளுக்கு வேற வேலை இருக்கு, சொல்லுதேன்.

மத்ததெல்லாம் ஒரு ஓட்டம் ஓட்டிருங்க. வெட்டுப்பட்டா சுத்தமான துணியை வச்சுப் பத்து நிமிசம் அமுக்கணும், நின்னுட்டான்னு நடுவுல தூக்கித் தூக்கிப் பாக்கக் கூடாது. மூக்குல ரத்தம் வந்தா குனிஞ்சுக்கிட்டு மூக்கு மென்மையா இருக்கிற இடத்தைப் பிடிச்சுக்கணும். வலிப்பு வந்தா ஒருக்களிச்சுப் படுக்க வச்சு, பக்கத்துல இருக்கிற கல்லையும் பெஞ்சையும் நகட்டிட்டு, வாய்க்குள்ள எதையும் திணிக்காம நேரத்தைப் பாக்கணும். அஞ்சு நிமிசம் தாண்டினா வண்டி. காட்டாமணக்குக் காயை முந்திரிக்கொட்டை ருசின்னு தின்னுட்டு வகுப்பே வாந்தி எடுத்த கதை வருசா வருசம் பேப்பர்ல வருதுல்லா, அந்தச் செடியைப் பிள்ளைகளுக்குக் கையைப் பிடிச்சுக் காட்டுங்க. மண்ணெண்ணெயைக் குடிச்சிட்டா வாந்தி எடுக்க வைக்கக் கூடாது, நெஞ்சுக்குள்ள போயிரும். சாணியைக் கரைச்சு வாயில ஊத்துற வைத்தியம் எங்க தலைமுறையோட போகட்டும்.

தடுக்கிறதுக்குத் தனியா ஒரு பாடம் வேண்டாம். ஒரு சனிக்கிழமை பிள்ளைகளை வரிசையாக் கூட்டிக்கிட்டு ஊரைச் சுத்துங்க. ஒரு சார்ட்டு, கலர் பென்சில். சுவரு இல்லாத கிணறு எங்க இருக்கு, மோட்டார் ஒயர் எங்க தாழ்ந்து தொங்குது, எந்த வீட்டு எறவாணத்துல பூச்சி மருந்தைக் கலர் பாட்டில்ல ஊத்தி வச்சிருக்காங்க, எந்த ஆழ்துளைக் குழாய் சாக்கை மட்டும் போட்டு மூடிக் கிடக்கு, எல்லாத்துக்கும் சிவப்புப் புள்ளி வைக்கச் சொல்லுங்க. இப்படிக் கைவிட்ட குழாயை எப்படி மூடணும்னு 2010-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிட்டு. 2019 தீபாவளி நேரத்துல மணப்பாறை பக்கம் நடுக்காட்டுப்பட்டியில ஒரு பச்சைப்பிள்ளை அப்படி ஒரு குழிக்குள்ள போச்சு. நாலு நாளு ஊரே டிவி முன்னால உக்காந்து அழுதோம். அழுது முடிச்சு எந்திரிச்சு எத்தனை பேரு தன் குழியை மூடினோம்னு உங்க பிள்ளைக எண்ணிரும்.

அந்தப் படத்தைப் பள்ளிக்கூடச் சுவத்துல ஒட்டிராதீங்க. ஒட்டினா படம் செத்துரும். ஆகஸ்ட் 15 கிராமசபைக்குக் கொண்டு வாங்க. ரெட்டைச்சடை போட்ட ஏழாங்கிளாஸ் பிள்ளை எந்திரிச்சு, “தலைவர் மாமா தோட்டத்துக் கிணத்துக்குச் சுவரு இல்ல”ன்னு எல்லாரு முன்னாலயும் படிக்கட்டும். நானும் நீங்களும் சொன்னா, “எதிர்க்கட்சி தூண்டி விடுது”ம்பாங்க. பதிமூணு வயசுப் பிள்ளைக்கு என்ன கட்சி? தலைவருக்கு மூஞ்சி சுண்டும். உங்களுக்கு மாறுதல் வந்தாலும் வரும், பரவாயில்ல, போற ஊருலயும் கிணறு இருக்கும்.

கடைசியா அந்தச் சின்னதுக வேலை. 108-க்குப் போன் போடத் தெரிஞ்சாப் போதும்னு நினைக்கீங்க. போன் போட்டாச்சு, “எங்க இருந்து பேசுறீங்க?”ன்னு கேப்பாங்க. நம்ம ஊருக்கு ரேஷன் கார்டுல ஒரு பேரு, பஸ் போர்டுல ஒரு பேரு, வாயில ஒரு பேரு. போதாக்குறைக்கு அதே பேருல தாலுகாவுக்கு நாலு பட்டி. பிள்ளை, “எங்க வீட்டுல இருந்து பேசுதேன்”னு சொல்லும். வண்டி பக்கத்து ஊருல போய் நின்னு சைரன் அடிக்கும். அதனால மூணாங்கிளாஸ் பிள்ளையை ஒவ்வொண்ணா எந்திரிக்கச் சொல்லி, எந்த மெயின் ரோட்டுல, எந்தப் பாலம் தாண்டி, எந்தக் கோயில் கிட்டத் திரும்பணும்னு மூச்சு விடாம ஒப்பிக்க வைங்க. ஆளுக்கு ஒரு இடத்துல நின்னு வண்டிக்குக் கை காட்டுறதையும் பழக்குங்க. போன்காரரா நான் வேணா உக்காருதேன். “யம்மா, நெட்வொர்க் கிடைக்கலை, திரும்பச் சொல்லு”ன்னு குறுக்குக் கேள்வி கேக்க என்னை விட்டா ஆளு கிடையாது.

மினி பஸ் ஹாரன் அடிக்கான், கிளம்புங்க. திங்கக்கிழமை விளையாட்டுப் பீரியடைக் கணக்கு வாத்தியாரு எடுத்துக்கிட்டாராம்லா, அதை முதல்ல மீட்டுட்டு வாங்க. கயிறு நான் தாரேன், கமலைக்கு வாங்கின வடம், இழுத்தா அறாது. அளந்து வாங்குன மாதிரி அளந்து திருப்பித் தரணும். பொங்கலுக்குக் கயிறு இழுக்கிற போட்டின்னு சொல்லி இளவட்டப் பயலுக வாங்கிட்டுப் போனது இன்னும் வந்து சேரலை.